நாற்காலி காலி, கதவு மூடியிருக்கு

உயர்நீதிமன்றத்தில் இத்தனை நீதிபதி இடங்கள் காலி, வழக்குகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன, உடனே நிரப்ப வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுகின்றன. பத்திரிகைகள் தலையங்கம் எழுதுகின்றன. நானும் வக்கீல்தான். வாய்தா வாங்கி வாங்கித் தேய்ந்துபோன கட்சிக்காரர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவன். காலியிடத்தை நிரப்பாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘நிரப்பு, நிரப்பு’ என்று கூவுகிற யாரும் ‘யாரை உட்கார வைக்கப் போறீங்க? அதை யாரு முடிவு பண்றது?’ என்று கேட்பதில்லை. கேட்டால் உடனே பதில் தயாராக இருக்கிறது: நீதித்துறைக்குள் சாதியைக் கொண்டுவராதே. அடேயப்பா! இதுவரைக்கும் அங்கே சாதியே இல்லாத மாதிரியும், நாமதான் சேரியிலிருந்து பொட்டலம் கட்டி எடுத்துக்கிட்டுப் போய் உள்ளே வைக்கிற மாதிரியும்.

கணக்கைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டிலிருந்து இந்திய உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட நீதிபதிகள் 715 பேர். அவர்களில் தாழ்த்தப்பட்டோர் 22. பழங்குடியினர் 16. இது நான் சொல்லும் கணக்கு அல்ல, 2025 மார்ச்சில் ஒன்றியச் சட்ட அமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த நாட்டில் தாழ்த்தப்பட்டோர் 100க்கு 16 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 100க்கு 20 பேர். உயர்நீதிமன்றத்தில் 100க்கு 3 பேர்தான் தேறி வருகிறார்கள். அதுசரி, 2018க்கு முன்னால் எவ்வளவு? அதற்கு அரசாங்கத்தின் பதில்: சாதிவாரியான விவரம் வைத்துக்கொள்வதில்லை. நீதிபதியாகப் பரிந்துரைக்கப்படுகிறவர் தம் சமூகப் பின்னணியைப் படிவத்தில் எழுதித்தர வேண்டும் என்ற ஏற்பாடே 2018இல்தான் வந்தது. குடியரசு ஆகி 68 வருசம் கழிச்சு! ஆடுமாட்டுக்குக் கணக்கெடுக்கிற நாடு, அதிகாரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணாமலேயே ஓட்டியிருக்கிறது. எண்ணினால் தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு காலியிடம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதை மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டக் கல்லூரியில் அரசியலமைப்பின் 217ஆம் பிரிவைப் படித்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். பத்து ஆண்டு வக்கீல் தொழில் அல்லது பத்து ஆண்டு நீதிப் பணி, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று அதில் இருக்கும். நடப்பது வேறு. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. மூன்றில் இரண்டு பங்கு வக்கீல்களிலிருந்து, ஒரு பங்கு கீழ்நீதிமன்ற நீதிபதிகளிலிருந்து என்பது நடைமுறை. யார் பெயர் போக வேண்டும் என்பதை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் முடிவு செய்கிறார்கள். மூன்று பேர். இதற்குப் பெயர் கொலீஜியம். அந்தப் பட்டியல் மாநில அரசின் கருத்துக்குப் போகும், டில்லிக்குப் போகும், உளவுத்துறை விசாரிக்கும், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பார்ப்பார்கள். அங்கேயும் மூன்று பேர். கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து.

இந்தப் பாதையில் எந்த இடத்திலாவது விளம்பரம் உண்டா? இல்லை. விண்ணப்பம் உண்டா? இல்லை. பரீட்சை, நேர்காணல் உண்டா? ஊருக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. கிராம அஞ்சலகத்தில் தபால் கொடுக்கிற வேலைக்கு அறிவிப்பு வருகிறது. நீதிமன்றத்தில் டவாலி போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறவர் வேலைக்கு விண்ணப்பம் கேட்கிறார்கள், இடஒதுக்கீடு உண்டு, சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும். அவர் பின்னால் நடந்துவரும் நீதிபதியின் வேலைக்கு இது எதுவுமே கிடையாது. அந்த மூன்று பேருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

‘தெரிந்திருக்க வேண்டும்’ என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. தலைமை நீதிபதி பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்து வருகிறவர். உள்ளூர் வக்கீல்களை அவருக்குத் தெரியாது. மற்ற இருவர் சொல்வதைத்தான் கேட்டாக வேண்டும். அந்த இருவருக்கு யாரைத் தெரியும்? தங்களோடு ஒரே சேம்பரில் ஜூனியராக இருந்தவரைத் தெரியும். தங்கள் சீனியரின் மகனைத் தெரியும், மருமகனைத் தெரியும். சபாவிலும் கிளப்பிலும் கல்யாண வீட்டு முதல் பந்தியிலும் பார்த்தவரைத் தெரியும். சட்ட ஆணையமே தன் 230ஆவது அறிக்கையில், 2009இல், ‘மாமா நீதிபதிகள்’ என்ற சிக்கலைப் பேச வேண்டி வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட நியமன விவரப் பட்டியலில், பரிந்துரைக்கப்பட்டவர் எந்த நீதிபதிக்காவது உறவா என்று ஒரு கட்டமே இருந்தது. நம்ம ஆளுங்களுக்கு அந்தக் கட்டத்தில் எழுத என்ன இருக்கு? மாமா செங்கல் சூளையில இருக்காரு, சித்தப்பா நகராட்சியில துப்புரவு வேலை பாக்குறாருன்னு எழுதலாமா?

அடுத்தது தகுதி. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தகுதி, கல்லூரியில் தகுதி, வேலையில் தகுதி, இப்போது நீதிபதி பதவியிலும் தகுதி. சரி, அந்தத் தகுதியை எதை வைத்து அளக்கிறார்கள்? ஒரு வக்கீலின் பெயர் பரிசீலனைக்குப் போகும்போது பார்க்கப்படுகிற விசயங்களில் இரண்டு: அவர் ஆஜராகி சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகள் எத்தனை, அவருடைய தொழில் வருமானம் எவ்வளவு.

இதை என் தொழிலில் வைத்தே சொல்கிறேன். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் தொழில் செய்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கம் போலீஸ்காரரும் சரி, வக்கீல்களும் சரி, அதைப் பழைய பெயரில் ‘பி.சி.ஆர். கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேஸ் எடுத்து நடத்துகிறவனுக்கு ‘பி.சி.ஆர். வக்கீல்’ என்று பெயர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் ஊர்த்தெரு கட்சிக்காரன் படியேற மாட்டான். நிலத்தாவா வராது, பாகப்பிரிவினை வராது, வங்கிக் கேஸ் வராது. வருவது யார்? மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனின் பெண்டாட்டி வருவாள். ‘ஸ்டேசன்ல எஃப்.ஐ.ஆர். போட மாட்டேங்கிறாங்க சார், எதிர்த்தரப்புக்காரன் குடுத்த பொய்ப் புகாரை வாங்கி எங்க ஆளுங்க மேலயே கேஸ் போட்டுட்டாங்க’ என்று அழுவாள். அவளிடம் எவ்வளவு பீஸ் வாங்குவது? பஸ் காசை நாம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். ஜாமீனை எதிர்த்து மனுப் போடுவோம், நிவாரணத் தொகைக்குக் கலெக்டர் ஆபீஸ் அலைவோம், சாட்சியை ஊர்க்காரன் மிரட்டாமல் காபந்து பண்ணுவோம், மூணு நாலு வருசம் கேஸ் நடக்கும். இந்த வேலையில் எது சட்ட இதழில் அச்சாகும்? இதில் எது வருமான வரிக் கணக்கில் ஏறும்?

சட்டத்தையும் நாட்டு நடப்பையும் ஒருசேரத் தெரிந்தவன் அந்த வக்கீல். ஒரு முதல் தகவல் அறிக்கையில் எந்த வரி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். சாட்சி ஏன் பிறழ்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். கம்பெனி கேஸில் ஒரு நாள் ஆஜராகி இலட்சம் வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? ஆனால் அளவுகோல் அவர் கையில் இருக்கிறது. அவர் உயரத்துக்கு ஏற்ற மாதிரி கோலை வெட்டி வைத்துக்கொண்டு, நம்மைப் பக்கத்தில் நிறுத்தி ‘நீ குட்டை’ என்றால் என்ன நியாயம்? வருமானம் ஒரு தகுதி என்றால், நம்மிடமிருந்து நிலத்தையும் கூலியையும் பறித்து வைத்திருப்பதும் ஒரு தகுதிதான் என்றாகிறது.

நீதிபதிப் பதவியில் ஒரு தலித் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும், கௌரவம்தானே, நடுத்தர வர்க்கத்துத் தலித்தின் ஆசைதானே என்று சில தோழர்களே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சில ஊர்களின் பெயரைச் சொல்கிறேன்.

கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1970இல் கீழ்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரிய மிராசுதார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், அவர்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட நியாயம். ஆந்திராவில் சுண்டூர். 1991 ஆகஸ்ட் 6. எட்டுத் தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சிறப்பு நீதிமன்றம் 2007இல் தண்டித்தது, உயர்நீதிமன்றம் 2014இல் விடுவித்தது. பீகாரில் பத்தானி டோலா. 1996 ஜூலை 11. 21 பேர் கொலை. கீழ்நீதிமன்றம் 2010இல் தண்டித்த 23 பேரையும் பாட்னா உயர்நீதிமன்றம் 2012இல் விடுவித்தது. லட்சுமண்பூர் பாத்தே. 1997 டிசம்பர் 1. 58 பேர் கொலை. கீழ்நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் அதே உயர்நீதிமன்றம் 2013இல் விடுவித்தது.

நாலு ஊர், மூன்று மாநிலம். நாலிலும் கீழ்நீதிமன்றம் தண்டித்தது, நாலிலும் உயர்நீதிமன்றம் திறந்துவிட்டது. அந்தத் தீர்ப்புகளை எழுதியவர்களின் நாணயத்தை நான் சந்தேகிக்கவில்லை. நான் கேட்பது வேறு. ‘நம்பும்படி இல்லை’ என்று ஒரு நீதிபதி எழுதுகிறாரே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அவர் வளர்ந்த தெருவிலிருந்து வருகிறது. மிராசுதார் என்பவர் தன் கையால் தீ வைப்பாரா மாட்டாரா என்பது வண்டி மாடாக உழைத்த பண்ணையாளின் மகனுக்குத் தெரியும், மிராசுதார் வீட்டில் காபி குடித்தவருக்குத் தெரியாது. இரவில் நூறு பேர் சூழ்ந்து வெட்டும்போது யார் கையில் என்ன ஆயுதம் இருந்தது, எந்தப் பக்கம் நின்றான் என்று சாட்சி பிசகாமல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் வாரிசாக இருக்க முடியாது. பெஞ்சில் உட்காருகிற இரண்டு பேரில் ஒருவருக்காவது அந்தத் தெரு தெரிந்திருந்தால், மற்றவர் அப்படி எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் நமக்கு வேண்டும். அதற்குத்தான் நாற்காலி.

ஆனாலும் நாற்காலி மட்டும் போதாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல வந்தேன்.

நமக்குச் சட்டப்படி திறந்திருக்கிற வாசல் ஒன்றுதான். சிவில் நீதிபதித் தேர்வு, மாவட்ட நீதிபதித் தேர்வு ஆகியவற்றில் இடஒதுக்கீடு இருக்கிறது. அதன் வழியே நம் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். முன்சீபாகச் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, சார்பு நீதிபதியாகி, மாவட்ட நீதிபதியாகி, உயர்நீதிமன்றக் கதவு வரைக்கும் வரும்போது வயது 57, 58 ஆகிவிடும். உயர்நீதிமன்ற நீதிபதி 62 வயதில் ஓய்வு பெற வேண்டும். நாலு வருசம், ஐந்து வருசம். ஆனால் 45 வயதில் நேரடியாக வக்கீல் வரிசையிலிருந்து எடுக்கப்படுகிறவருக்கு 17 வருசம் இருக்கிறது. சேர்ந்த தேதியை வைத்துத்தான் மூப்பு. ஆகவே 10, 12 வருசத்தில் அவர் மூத்த நீதிபதி ஆவார், மூவரில் ஒருவர் ஆவார், வேறு மாநிலத்தில் தலைமை நீதிபதி ஆவார், உச்ச நீதிமன்றம் போவார். கீழிருந்து வந்தவர் தன் அறைக்குச் சரியாகத் திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் பிரிவு உபசார விழா வந்துவிடும்.

இதுதான் சூழ்ச்சி. யாரோ நாலு பேர் கூடி உட்கார்ந்து செய்த சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்கிற இடத்துக்கு எப்போதாவது நம்மை விடுவார்கள். தீர்ப்புச் சொல்கிறவரைத் தேர்ந்தெடுக்கிற இடத்துக்கு விட மாட்டார்கள். கோபுர வாசல் திறந்தாகிவிட்டது, தேங்காய் உடைக்கலாம், கருவறைக்குள் மட்டும் கால் வைக்கக்கூடாது என்பது மாதிரி. அந்த மூவர் அறைதான் இந்த நாட்டு நீதித்துறையின் கருவறை. உள்ளே இருக்கிறவர்கள் தங்களுக்குப் பின்னால் யார் பூசை செய்வது என்பதைத் தாங்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்த அறை அரசியலமைப்பில் இருக்கிறதா? கிடையாது. ‘கலந்தாலோசித்து’ என்றுதான் 217ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 1993இல் ஒன்பது பேர் கொண்ட அமர்வில் அந்தச் சொல்லுக்கு ‘ஒப்புதல்’ என்ற அளவுக்குப் பொருள் ஏற்றியது. 1998இல் அதை மேலும் இறுக்கிக் கட்டியது. இப்படி ஒரு யோசனை அரசியல் நிர்ணய சபையில் 1949 மே 24 அன்றே வந்தது. தலைமை நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் நியமனம் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் எழுந்து மறுத்தார். தலைமை நீதிபதி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நம்மைப் போல விருப்பு வெறுப்பு உள்ள மனிதர்தான், அவரிடம் அப்படிப்பட்ட வீட்டோ அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிடவும் அவர் ஒப்பவில்லை. சாதி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்த மனிதர் பேசிய பேச்சு அது. அவருடைய படத்துக்கு மாலை போடுகிறார்கள், அவர் மூடிய கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்தப் படத்துக்கும் நீதிமன்றச் சுவரில் இடம் கொடுக்க மனசு வரவில்லை என்பதை 2023 ஜூலையில் பார்த்தோம். காந்தி, திருவள்ளுவர் படங்கள் தவிர வேறு படம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளர் சுற்றறிக்கை அனுப்பி, வக்கீல்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அம்பேத்கர் படத்தை எடுக்கப் போவதில்லை என்ற விளக்கம் வந்தது.

அப்படியானால் கொலீஜியத்தை ஒழித்துவிட்டு டில்லி அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிடலாமா? 2014இல் நாடாளுமன்றம் தேசிய நீதித்துறை நியமன ஆணையம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆறு பேர். மூன்று நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள். இரண்டு பிரமுகரில் ஒருவர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரில் யாராவது ஒருவராக இருக்க வேண்டும். ஐந்து கூட்டத்தையும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்து, ஒரு நாற்காலியைக் காட்டி, அடிச்சுக்குங்கன்னு விட்டுட்டாங்க. அதையும் 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. நீதித்துறையின் சுதந்திரம் போய்விடுமாம். சுதந்திரம் சரி, யாரிடமிருந்து? அரசாங்கத்திடமிருந்து சுதந்திரம் வேண்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். அரசாங்கம் தனக்குப் பிடிக்காத பெயரை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவதையும் பார்க்கிறோம். அதே சமயம் சொந்தச் சாதியிடமிருந்தும் சொந்தக் குடும்பத்திடமிருந்தும் நீதித்துறைக்குச் சுதந்திரம் வேண்டாமா? பண்ணைக்காரனும் கணக்குப்பிள்ளையும் சண்டை போடுகிறார்கள். சண்டை களத்து நெல்லைப் பற்றியது. கூலியைப் பற்றியது அல்ல.

குடியரசுத் தலைவராக இருந்தபோது கே.ஆர். நாராயணன் 1998இல் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். உச்ச நீதிமன்ற நியமனங்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு உரிய கவனம் கொடுக்கலாமே, தகுதியானவர்கள் இருக்கிறார்களே என்பது அதன் சாரம். நாட்டின் முதல் குடிமகன், சேரியில் பிறந்து அந்த இடத்துக்குப் போனவர், பவ்யமாக எழுதிய ஒரு குறிப்பு. அதற்கே என்ன கூச்சல்! தகுதியில் சமரசம் கூடாது என்று பதில் வந்தது. அந்த உச்ச நீதிமன்றத்தின் கதையையும் கேளுங்கள். முதல் தலித் நீதிபதி அ. வரதராசன், நம் மாநிலத்துக்காரர், கீழ்நீதிமன்ற வரிசையிலிருந்து 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் வந்து, 1980இல் டில்லி போனார். குடியரசு ஆகி 30 வருசம் கழித்து. கே.ஜி. பாலகிருஷ்ணன் 2007இல் தலைமை நீதிபதி ஆனார், 2010 மே மாதம் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு 2019 மே மாதம் பி.ஆர். கவாய் வரும் வரைக்கும், ஒன்பது வருசம், ஒரு தலித்கூட உச்ச நீதிமன்றத்தில் இல்லை. கவாய் 2025 மே மாதம் 52ஆவது தலைமை நீதிபதி ஆனார். 52 பேரில் தலித்துகள் இரண்டு பேர். அவர் நாற்காலியில் இருக்கும்போதே, 2025 அக்டோபர் 6 அன்று, ஒரு வக்கீல் சனாதனத்தின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு அவரை நோக்கிச் செருப்பைத் தூக்கினார். சாதியை நீதிமன்றத்துக்குள் கொண்டுவராதே என்று நமக்குப் பாடம் நடத்தியவர்கள் அன்றைக்கு எங்கே போனார்கள்?

உடனே கர்ணனைக் காட்டுவார்கள். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சி.எஸ். கர்ணன், தான் சாதியால் அவமதிக்கப்படுவதாக 2011இல் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்குப் புகார் கொடுத்தார். 2017இல் நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதம் சிறைத் தண்டனை பெற்றார். நான் அவருக்கு வக்காலத்துப் போட வரவில்லை. பின்னாளில் பெண்களைப் பற்றி அவர் பேசிய பேச்சை எந்த விடுதலை இயக்கமும் ஏற்காது. ஆனால் ‘பாத்தீங்களா, இவங்களை உள்ள விட்டா இப்படித்தான்’ என்று நீதிமன்ற வராண்டாவில் பேசினார்களே, அதற்குத்தான் பதில் சொல்கிறேன். 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் வீட்டு வளாகத்தில் எரிந்த பணக்கட்டுகள் கிடந்ததாகச் செய்தி வந்து நாடே பேசியது. அவருடைய சாதியை யாராவது கேட்டார்களா? அந்தச் சாதியில் இனி நீதிபதியே போடாதே என்று யாராவது சொன்னார்களா? அவன் தப்பு செய்தால் அது ஒருவனின் தப்பு. நம்ம ஆள் தப்பு செய்தால் அது சேரியின் தப்பு. இதுக்குப் பேர்தான் சாதி.

டில்லியைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நம்மில் பலருக்கு வசதியாக இருக்கிறது. கோட்டையையும் கேட்க வேண்டும். உயர்நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர்களை நியமிப்பது மாநில அரசு. அந்தப் பதவியில் இருந்தால்தான் ஒரு வக்கீல் தினமும் நீதிபதிகளின் கண்ணில் படுகிறார், பெரிய வழக்கில் வாதாடுகிறார், தீர்ப்பில் பெயர் வருகிறது, வருமானம் வருகிறது. நீதிபதி நாற்காலிக்கு ஏணியின் முதல் படி அதுதான். சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிற கட்சிகள், மாறி மாறி ஆண்ட இரண்டும், அந்தப் படியில் எத்தனை தலித்துகளை, அதில் எத்தனை அருந்ததியரை, எத்தனை தலித் பெண்களை ஏற்றினார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டட்டும். மதுரைக் கிளை 2004இல் வந்தது. தென்மாவட்டங்களில் நடந்த வன்கொடுமைகளுக்குக் கணக்கு இல்லை. அங்கே அரசுத் தரப்பில் நிற்கிறவர்களின் பட்டியலையும் சேர்த்துக் கேட்போம்.

நமக்குள்ளும் ஒன்று பேசியாக வேண்டும். தலித் என்று சொல்லி ஒரு சாதி மட்டும், ஆண்கள் மட்டும் போய் உட்கார்வதற்கு நாம் போராடவில்லை. புதிரை வண்ணார் வீட்டுப் பெண் ஒருத்தி அந்த மேடையில் ஏறுகிற வரைக்கும் இந்தக் கோரிக்கை முடியாது. போய் உட்கார்ந்தவர் பிறந்த தெருவை மறந்துவிட்டால், அவரையும் இதே பக்கத்தில் கேள்வி கேட்போம்.

தோழர்களே, கோரிக்கைகளை நேராக வைக்கிறேன். ஒன்று, காலியிடம் விழுவதற்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். யார் வேண்டுமானாலும் தன் பெயரைக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். இரண்டு, தேர்வானவர்களின் பட்டியல் மட்டும் போதாது. பரிசீலிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் எந்தச் சமூகம், எத்தனை பெண்கள் என்ற எண்ணிக்கையும் வெளியிடப்பட வேண்டும். மூன்று, வருமானம் என்ற அளவுகோலை எடுத்தெறிய வேண்டும். வன்கொடுமை வழக்கும் இலவசச் சட்ட உதவியும் தகுதியாக எண்ணப்பட வேண்டும். நான்கு, தலித் வக்கீல்கள் 45 வயதில் எடுக்கப்பட வேண்டும். 58 வயதில் ஆறுதல் பரிசு வேண்டாம். ஐந்து, 217, 224 பிரிவுகளைத் திருத்தி உயர்நீதிமன்றத்தில் இடஒதுக்கீடு கொண்டுவர வேண்டும். இடஒதுக்கீடு சட்டத்தில் இல்லை, ஆனால் கவனம் கொடுங்கள் என்று தலைமை நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அமைச்சர்கள் பதில் சொல்கிறார்கள். கடிதம் எழுதி என்ன வந்தது? 715இல் 22 வந்தது.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்திருக்கிறது. மனு எழுதுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்த பட்டியல் வெளிவரும்போது பெயர்களை எண்ணுங்கள், யார் யாருக்கு உறவு என்று பாருங்கள், அரசு வழக்கறிஞர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம், தனித்தொகுதி உறுப்பினரிடம் முதலில், போய்க் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது நம்ம தெருவில் உட்கார்ந்து டீ குடித்தவர்தானே, பதில் சொல்லட்டும். உயர்நீதிமன்றத்தில் காலியிடம் இருக்கிறது என்று இனி எவன் சொன்னாலும், ‘அந்த மூன்று பேரில் எங்க ஆள் எத்தனை?’ என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சைப் பேசுங்கள்.